விழுந்துகொண்டே இருந்த ட்ரிப்பர்

மழை விட்ட காலைகளில் சுவர்ப் பலகையிலிருந்து "டக்" என்று ஒரு சத்தம் வரும். மின்விசிறி மெதுவாகி நிற்கும், வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் ஆயிரம் கோழிக்குஞ்சுகள் ஒன்றாகக் கத்தும், நான் ஓடிப்போய் நாற்காலியில் ஏறி, விழுந்து கிடக்கும் "ட்ரிப்பர்" சுவிட்சை மேலே தள்ளிவிடுவேன். அப்போது எனக்குப் பதினோரு வயது. அந்த ஐப்பசி முழுவதும் எனக்கு அதுதான் வேலை.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. அப்பா கம்பெனிக்குக் கோழி வளர்த்தார். பிறந்து ஒரு நாள் ஆன குஞ்சாக வந்து இறங்கும். பத்து நாளைக்குப் பல்புச் சூடு வேண்டும். சூடு போனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் செத்துப்போகும். அந்த ஐப்பசியில் வந்த குஞ்சுகளில் அப்படிப் பாதி போயின. "இன்னொருக்கா இப்படி ஆனாக் குஞ்சு உடமாட்டோம்" என்று கம்பெனிக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

ட்ரிப்பர் ஏன் விழுகிறது என்று பார்க்க ஒயர்மேன் வந்தார். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, "ஒவ்வொன்னாப் போடுங்க. எதைப் போட்டா உழுகுதோ அதுதான் திருடன்" என்றார். விளக்கு, விசிறி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார், கடைசியில் கொட்டகை பல்பு. எதற்கும் விழவில்லை. அன்றைக்கு நல்ல வெயில். அம்மா துணியும் துவைக்கவில்லை.

கொட்டகைக்குப் போகும் ஒயரை அப்பா துணி காயப்போடும் கம்பியோடு சேர்த்துச் சுற்றி இழுத்திருந்தார். எங்கள் பக்கம் பலரும் அப்படித்தான் இழுப்பார்கள், ஒயர் தொங்காது. துணியை இழுத்து இழுத்து ஒயரின் தோல் ஓரிடத்தில் தேய்ந்துபோனதை யாரும் பார்க்கவில்லை. ஈரச் சேலையின் நுனி தரையைத் தொட்டபோதெல்லாம் அதன் வழியே கரண்டு கசிந்து ட்ரிப்பர் விழுந்தது.

அம்மா சொன்னாள். "ஏனுங்க, கொடியத் தொட்டாக் கை சுர்ருங்குதுங்க."

"ஏம்புள்ள, உனக்கு வாயிலதான் கரண்டுன்னு இருந்தேன். கையிலயும் வந்துருச்சா?" என்றார் அப்பா. அம்மாவும் சிரித்தாள். மறுநாள் சொன்னாள். அதற்கு மறுநாளும் சொன்னாள். பிறகு சொல்லவில்லை.

அடுத்த தடவை புதுக் குஞ்சு இறங்கிய அன்று ட்ரிப்பர் நான்கு முறை விழுந்தது. அப்பா மெயினை அணைத்து, ட்ரிப்பரில் இருந்த ஒயர்களைக் கழற்றி, ஒன்றோடொன்று நேராக முறுக்கிவிட்டார். "இனி உழுகாது சாமி. நீ போய்ப் படி" என்றார். எனக்கு ஓட்டம் மிச்சம், சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை மழை விட்டதும் அம்மா துணி காயப்போடப் போனாள். நான் கொட்டகையில் குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். பல்புகள் நன்றாக எரிந்தன. வெளியே வந்தபோது அம்மா சேலையைப் பிடித்தபடியே கீழே கிடந்தாள்.

கருமாதி முடிந்து அதே ஒயர்மேன் வந்தார். ட்ரிப்பரைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு மறுநாள் திரும்பிவந்து, "இது கெட்டுப்போகலீங்கண்ணா. சரியாத்தான் வேல செஞ்சிருக்குது" என்றார்.

குஞ்சு ஒன்றும் சாகவில்லை. பங்காளி வீட்டார் முறை வைத்துத் தீனி போட்டார்கள். நாற்பது நாளில் லாரி வந்து ஏற்றிப்போனது. அதற்குப் பின் அப்பா கோழி வளர்க்கவில்லை.

இப்போது அந்தக் கொட்டகை இல்லை. தோட்டம் கைமாறி, அந்த இடத்தில் மரவள்ளி நிற்கிறது. அம்மா பேசியதில் அந்த ஒரு பேச்சைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. அப்பா என்னோடு இருக்கிறார். இத்தனை வருடத்தில் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. போன வாரம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"உங்கம்மா கை சுர்ருங்குதுன்னு எத்தன தடவ சொன்னா சாமி?"

"ஒரே தடவதானுங்கப்பா" என்றேன்.