சம்பத் திறக்கவிடாத கதவு

போன வாரம் மன்னார்புரத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பழைய ஆய்வுக்கூடத்து அட்டெண்டர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார். "காதர் டாக்டரே, விஷயம் தெரியுமா? சம்பத் டாக்டர் போயிட்டாருங்க. நெஞ்சுவலியாம்." நாற்பதைக்கூடத் தொடாத வயது. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அவனை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. அவன்மேல் கோபப்படாமல் அவனோடு நெருங்கிப் பழகியவர் யாருமில்லை.

கால்நடை மருத்துவம் முடித்த கையோடு நாங்கள் இருவரும் திருச்சியில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் தங்கிப் பயிற்சி பெறச் சேர்ந்தோம். மாடு, குதிரை வைத்தியம் அல்ல. சோதனைக்காக வளர்க்கும் முயல், வெள்ளெலி, கினிப்பன்றி ஆகியவற்றை நோயில்லாமல் காப்பது. பயிற்சி முடியும்வரை விலகமாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். ஜன்னலுக்கெல்லாம் கம்பிவலை. "கூண்டுக்குள்ள அதுங்க, வலைக்குள்ள நாம" என்று நான் புலம்புவேன். "அதுகள் கையெழுத்துப் போடலை, நாம போட்டோம்" என்பான் சம்பத்.

அவன் வீடு ஸ்ரீரங்கத்தில். கோயில் கைங்கர்யக் குடும்பம். மகன் பிராணிகளை அறுத்துப் பார்க்கும் வேலைக்குப் போனது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. லீவில் போனால் கொல்லைவழியாக வந்து கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். ஒருமுறை குளித்து முடித்த பிறகும் உள்ளே வராதே என்று சொல்லிவிட்டாராம். அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை.

அந்த ஆடியில் சில முயல்கள் இருமிச் செத்தன. தொற்றுநோய் என்று பயந்த தலைமை டாக்டர் விலங்குக்கூடத்தைப் பூட்டச் சொன்னார். உள்ளே நாங்கள் இருவர் மட்டும். வெளியிலிருந்து வரும் தழை, கீரை எல்லாவற்றையும் ஆவியில் வேகவைத்துத்தான் போட வேண்டும். புது நோய் இல்லை என்று உறுதியானால்தான் கதவு திறக்கும். கிருமி கொல்லத் தெளித்த கார்பாலிக் நெடியும் புழுக்கமும் மூத்திர நாற்றமும் சேர்ந்து எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும்போல இருந்தது.

முயல்கள் தேறின. ஆனால் கினிப்பன்றிகள் படுத்துவிட்டன. பின்னங்கால் ஊன்றவில்லை, தூக்கினால் கத்தின, ஈறில் ரத்தம். அந்தச் சமயத்தில்தான் சம்பத்தின் தம்பி வந்து வாசலிலிருந்து கத்தினான்: "அண்ணா! அப்பாவுக்கு ரொம்ப முடியலை. உன்னைத்தான் கேட்டுண்டே இருக்கார்!" சம்பத் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "வந்துடறேன்னு சொல்லு" என்றான்.

மறுநாளே தலைமை டாக்டர் முடிவு சொன்னார். நோய் பரவிவிட்டது, கினிப்பன்றிகளை எல்லாம் கொன்று, கூடத்தைக் கழுவி, கதவைத் திறந்துவிடலாம். எனக்கு உயிர் வந்தது. சம்பத், செத்துப்போயிருந்த ஒரு கினிப்பன்றியை அறுத்துப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வந்தான். "நுரையீரல் சுத்தமா இருக்கு சார். முழங்காலைச் சுத்தித்தான் ரத்தம் கட்டியிருக்கு. இது தொத்து இல்லை. பச்சைக்கீரையில இருக்கிற சத்தை நாம வேகவெச்சே கொன்னுட்டோம். முயலுக்கு அந்தச் சத்து உடம்பிலேயே ஊறும், இதுகளுக்கு ஊறாது. பச்சையாக் குடுத்துப் பார்க்கலாம்."

"நீங்க சொல்றது நிரூபணமாகிற வரைக்கும் கதவு திறக்காது. வீட்டு நிலைமை தெரியும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் அவர்.

"யோசிச்சாச்சு சார்."

நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "எப்படியும் சோதனை ஊசி போட்டுச் சாகப்போறதுங்கதானேடா! வாயை மூடிட்டு இருந்திருந்தா நாளைக்கு நீ வீட்டுல இருப்பே!"

"சாகறது வேற காதர். நாம பண்ணின தப்புக்கு அதுகளுக்கு நோயாளிப் பட்டம் கட்டிக் கொல்றது வேற" என்றான்.

பச்சை முட்டைக்கோஸ் வந்தது. அவன் ஒவ்வொன்றையும் மடியில் வைத்து ஊட்டினான். நான் இலை நறுக்கிக் கொடுத்தேன். நாளாக ஆக, கினிப்பன்றிகள் எழுந்து, கீரைக்குச் சத்தம் போட ஆரம்பித்தன. அப்போது தம்பி மறுபடி வந்தான். இந்த முறை அவன் கத்தவில்லை; "அப்பா போயிட்டார்" என்று மட்டும் சொன்னான். தலைமை டாக்டரே வந்து பூட்டைத் திறந்தார்.

பிற்பாடு ஒருநாள் கேட்டேன், வருத்தம் இருக்கிறதா என்று. "இல்லாம இருக்குமா? ஆசீர்வாதம் பண்ணக் கூப்பிட்டாரா, திட்டக் கூப்பிட்டாரான்னுகூட எனக்குத் தெரியாது. தினம் நினைச்சுக்கறேன்" என்றான்.

இன்று என்னிடம் பயிற்சிக்கு வருபவர்கள் நோய்ப்பட்ட பிராணியைக் கொண்டுவந்தால், நோயின் பெயரைச் சொல்லவிடமாட்டேன். "முதல்ல நாம இதுக்கு என்ன பண்ணினோம், அதைச் சொல்லுங்க" என்பேன். சம்பத்திடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அந்தக் கேள்விதான். கேட்கும்போதெல்லாம், அன்று அதை அவன் கேட்காமலிருந்தால் அப்பாவின் முகத்தைப் பார்த்திருப்பான் என்பதும் ஞாபகம் வருகிறது. அதையும் சேர்த்தே வைத்துக்கொண்டிருக்கிறேன்.