மலைக்கோயிலில் சொன்ன ஒப்பீஸ்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கியவள் நான். யாரிடமும் போய் நின்றதில்லை. போடிமெட்டு வளைவில் ஜீப்பு கவிழ்ந்ததிலிருந்து என் கடைக்குட்டி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறான். நம் சாமிகளிடமெல்லாம் கேட்டாகிவிட்டது. ஏலத்தோட்டங்களுக்கு மேலே, உச்சியில் இருக்கிற பழைய மாதா கோயிலுக்கும் ஏறினேன்.

பாதிரியார் மலையாளத்துக்காரர். "ஜீப்பு கவுந்துருச்சு சாமி, எம்மகன்..." என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

"ஒப்பீஸ் சொல்லணோ, அம்மச்சி?" என்றார்.

கோயில் ஆபீசில் சொல்லி வைப்பாராக்கும் என்று தலையாட்டினேன். அவர் மெழுகுவர்த்தி ஏற்றி, ராகமாகச் செபம் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் முழங்காலிட்டிருந்த தோட்டத்துக்காரி என் தோளைத் தொட்டாள்.

"மகனை எப்ப ஆத்தா எடுத்தீக?"

"எடுக்கிறதா? ஆஸ்பத்திரியிலல்ல கெடக்கான்!"

"அய்யய்யோ, ஒப்பீஸுன்னா செத்தவுகளுக்குச் சொல்றதாச்சே!"

"நிறுத்துங்க சாமி! எம்புள்ள உசுரோட இருக்கான்!" என்று கத்தினேன். பாதிரியார் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். சொன்ன செபத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டேன். அவர் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்.

அவன் இன்னும் கண் திறக்கவில்லை. அதனால்தான் அந்தச் செபத்துக்கு மறுப்பாக இதை என் கையாலேயே எழுதிவிட்டுப் பேத்தியைக் கூப்பிட்டேன்.

"வாசிடி கண்ணு. உசுரோட இருக்கான்னு எழுத்து சரியா விழுந்திருக்கா, பாரு."