அத்தையின் பிடரிக் கண்

ஒன்பது வயது வரைக்கும் என் அத்தைக்குப் பிடரியில் ஒரு கண் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் சின்னப்பிள்ளை புத்தி என்று மன்னித்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை ஒருக்களித்துப் படுத்திருந்தபோது, மூச்சை அடக்கிக்கொண்டு, கொண்டையை இரண்டு விரலால் தூக்கி அடியில் தேடியும் பார்த்தேன். இரண்டு கொண்டை ஊசியும் ஒரு பழைய வடுவும்தான் இருந்தன. கண் தூங்குகிறது, அந்த வடுதான் மூடிய இமை என்று முடிவுகட்டினேன்.

"பாத்தாச்சா? போய்க் கையைக் கழுவு, எண்ணெய்" என்றாள் அத்தை, திரும்பாமலே.

இதற்கப்புறமும் நம்பாமல் எப்படி இருப்பது?

அப்பாவுக்கு வையம்பட்டி ரயில் நிலையத்தில் வேலை. அங்கே நான் படித்ததைவிட வண்டிகளுக்குக் கையாட்டியதுதான் அதிகம் என்பதால், மூன்றாம் வகுப்புக்கு என்னை ஸ்ரீரங்கத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமா தினமும் ரயிலேறிப் பொன்மலை பணிமனைக்குப் போய்வருவார். அத்தை எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். எங்கள் வகுப்புக்கும் அவள் வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். அதில் நாலணா அகலத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. நான் சேர்ந்து ஒரு மாதத்தில் அது எட்டணா அகலம் ஆகிவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள்.

அந்த ஓட்டை வழியாகத்தான் நான் அதிசயத்தைப் பார்த்தேன். நாற்பது பொடிசுகளைப் பார்த்தபடி அத்தை நிற்பாள். முதுகுக்குப் பின்னால், வெளிச்சமே போகாத மூலையில் பாடச் சாமான்கள் இருக்கும் அலமாரி. "மரத்துல ஏழு குருவி உக்காந்திருந்துச்சாம்" என்று ஆரம்பிப்பாள். முகம் பிள்ளைகளிடம் இருக்கும். இடது கை மட்டும் பின்னால் போகும். திரும்பி வரும்போது புளியங்கொட்டை டப்பா வந்திருக்கும். யானை என்பாள், கை போகும், யானைப் படம் வரும். 'ப' என்பாள், இருபது முப்பது எழுத்து அட்டைகளுக்குள்ளிருந்து 'ப' மட்டும் எழுந்து வரும். ஒரு தடவை கூட அவள் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு தடவை கூட அந்தக் கை தவறியதில்லை. எங்கள் வாத்தியாரோ மூக்கின் மேல் கண்ணாடியை வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிறவர். அத்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாய் திறந்தபடியே நிற்கும். ஒருநாள் ஈ கூடப் போயிற்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அத்தைக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. மாலைக்கண்ணாக ஆரம்பித்து, பட்டப்பகலிலேயே நிழல் விழுந்த இடமெல்லாம் இருட்டு என்கிற அளவுக்கு வந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில், எதிரே, பக்கத்தில் இருப்பது தெரியும். மற்றதெல்லாம் மை. இது மாமாவுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். மேலே தெரிந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அத்தையோ லீவு நாளில் மத்தியானம் தாண்டினால் அடுப்படிச் சுவருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிற மனுஷி. அவளை வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆவாள் என்று மாமாவுக்குத்தான் பயம்.

அதனால் மாமா ஒரு வழி செய்திருந்தார். அலமாரியின் ஒவ்வொரு தட்டு விளிம்பிலும் ஒரு முறுக்கு நூலை இழுத்துக் கட்டி, அதில் முடிச்சுகள் போட்டிருந்தார். ஒரு முடிச்சுக்கு நேரே புளியங்கொட்டை. இரண்டு முடிச்சுக்கு நேரே சோழி. மூன்றுக்கு மணிச்சட்டம். அட்டைகளின் ஓரத்திலும் அப்படியே குட்டிக் குட்டி நூல். அத்தையின் கட்டைவிரல் விளிம்பில் ஓடும், முடிச்சை எண்ணும், நிற்கும். அவ்வளவுதான் பிடரிக் கண். இதெல்லாம் எனக்குப் புரிய இன்னும் இரண்டு ஆயுத பூஜை ஆக வேண்டியிருந்தது. அப்போது என் கண்ணுக்கு அது அழுக்கு நூல்.

அந்த வருஷத்து ஆயுத பூஜைக்கு மாமா என்னைப் பொன்மலைக்குக் கூட்டிப்போனார். அன்றைக்கு ஒருநாள் மட்டும் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். ரயில் இஞ்சினுக்கு மாலை போட்டு நெற்றியில் சந்தனம் வைத்திருந்ததைப் பார்த்து நான் கும்பிட்டேன். ஆனால் என்னை அடித்துப் போட்டது இஞ்சின் இல்லை, மாமா வேலை பார்க்கிற டூல் ரூம். சுவர் முழுக்கப் பலகை. பலகை முழுக்க ஸ்பேனர், சுத்தி, ரம்பம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதனதன் உருவத்தையே வெள்ளை பெயிண்டில் கோடு போட்டு, பக்கத்தில் நம்பர். பெரிசிலிருந்து சிறிசு வரைக்கும், பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கிற மாதிரி. ஒரு சாமான் வெளியே போனால் அதன் நிழல் மட்டும் சுவரில் காத்துக்கொண்டு நிற்கும். கோவிலில் கூட நான் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றதில்லை.

"என்ன மாப்ளே, வாயை மூடு. சாமானை வைக்கிற இடத்துல வச்சா, தேடுற வேலையே கிடையாது" என்றார் மாமா.

நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமி. புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிற நாள். அத்தை பள்ளிக்கூடத்து முன் கூடத்தில் அரிசித் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு, அழுகிற பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுத வைத்துக்கொண்டிருந்தாள். என்னிடம் அலமாரிச் சாவியைக் கொடுத்து, "உள்ள தட்டுல ஒரு பூ வச்சு, கதவுல பொட்டு வச்சிட்டு, பூட்டி எடுத்துட்டு வா" என்றாள்.

பூ வைத்தேன். பொட்டு வைத்தேன். பூட்டத்தான் மனசு வரவில்லை. ஒரு பணிமனைக்காரர் பெண்டாட்டியின் அலமாரியா இது? புளியங்கொட்டை டப்பாவுக்குப் பக்கத்தில் மணிச்சட்டம், அதற்குப் பக்கத்தில் எடைக்கல், நெட்டையும் குட்டையுமாக. அத்தைக்குப் பிடரியில் கண் இருக்கிறது என்பதற்காக இப்படியா போட்டுவைப்பது?

வீட்டுக்கு ஓடி மாமாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பும், சவரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய பிளேடும் எடுத்து வந்தேன். எல்லாவற்றையும் வெளியே இறக்கினேன். இடப்பக்கம் பெரிசு, வலப்பக்கம் சிறிசு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் சுண்ணாம்பில் அதன் நிழல். ஒவ்வொன்றுக்கும் நம்பர், பெரிதாக, தெளிவாக. அட்டைகளின் ஓரத்தில் தொங்கின நூல்களைச் சுத்தமாக மழித்தேன். தட்டு விளிம்பில் இருந்த அழுக்கு நூலையும் அறுத்து எடுத்தேன். பிளேடு மழுங்கிவிட்டதால் கீழ்த் தட்டு ஓரத்தில் ஒரே ஒரு முடிச்சு மட்டும் தப்பித்தது. நூல் நல்ல உறுதி. வீணாக்க மனசில்லாமல் அந்த முடிச்சுகளைப் பிரித்து, நாலாக முறுக்கி, என் பம்பரத்துக்குச் சாட்டை ஆக்கிக்கொண்டேன். இதற்குப் பரிசாக அத்தையும் மாமாவும் என்னை முக்கொம்புக்குக் கூட்டிப்போவார்கள் என்றும் தீர்மானித்துக்கொண்டேன். கட்டுச்சோறு புளியோதரையா தயிர்சாதமா என்பதில்தான் இழுபறி.

அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதிசயத்துக்கு அதிசயம் காட்டவேண்டும் அல்லவா?

ஆனால் எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குக் கண் தெரியாது என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். மறுநாள் காலை முதல் மணி அடித்து ஓய்வதற்குள், முன்கூட்டிச் சொல்லாமல் கொள்ளாமல், டெபுடி இன்ஸ்பெக்டர் வந்து ஒன்றாம் வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தடித்த கண்ணாடி, கையில் ஒரு நோட்டு. "நீங்க பாட்டுக்கு நடத்துங்கம்மா" என்றார். எங்கள் வாத்தியார் பயத்தில் எங்கள் எல்லாரையும் வாயில் விரல் வைக்கச் சொல்லிவிட்டுத் தானும் வைத்துக்கொண்டார். நான் ஓட்டைக்குக் கண்ணைக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் முன்னாலேயே என் வேலை அரங்கேறப் போகிறது!

"மரத்துல ஏழு குருவி உக்காந்திருந்துச்சாம்" என்றாள் அத்தை. இடது கை பின்னால் போயிற்று. கட்டைவிரல் விளிம்பில் ஓடியது. மழித்த கன்னம் மாதிரி இருந்தது விளிம்பு. விரல் திரும்பி ஓடியது. மறுபடி ஓடியது.

அத்தையின் கை நின்று நான் அதுவரை பார்த்ததில்லை. முகம் மட்டும் பிள்ளைகளைப் பார்த்து அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

'எட்டாம் நம்பர் அத்தை, எட்டாம் நம்பர்' என்று நான் தட்டிக்கு இந்தப் பக்கம் தவித்தேன்.

கை ஏதோ ஒரு டப்பாவைப் பிடித்து எடுத்துவந்தது. புளியங்கொட்டை இல்லை, எனக்குத் தெரியும். அத்தை அதைத் திறக்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

"உள்ள என்ன இருக்கு? சொல்லுங்க பாப்போம்."

"ஆணி டீச்சர்!" "கல்லு!" "முட்டாயி!"

"சாக்கட்டி டீச்சர்" என்றது முன்பல் விழுந்த ஒரு பெண்.

"எப்படிடி கண்டுபுடிச்ச?"

"மெத்துனு கேக்குது."

"அப்படின்னா இங்க வா. கண்ணை மூடிக்கோ. எல்லாத்தையும் குலுக்கிப் பாத்து, புளியங்கொட்டை எதுல இருக்குன்னு எடுத்துக் குடு. பாக்கிப் பேரு அவ சரியாச் சொல்றாளான்னு காதால கவனிங்க."

அதற்குப் பிறகு அந்த வகுப்பில் நடந்ததை நான் என்னவென்று சொல்வேன்! நாற்பது பிள்ளைகளும் கண்ணைப் பொத்திக்கொண்டன. டப்பா குலுங்கியது. சோழி கலகலத்தது, எடைக்கல் கடமுடா என்றது, கடைசியில் புளியங்கொட்டை சலசலத்தது. ஒரே குரலில் "அதுதான்!" என்று கத்தினார்கள். நானும் கத்திவிட்டேன். எங்கள் வாத்தியார் வாயிலிருந்து விரலை எடுத்து என் தலையில் வைத்தார். வைத்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

ஏழு குருவியில் மூன்று பறந்துபோய், நாலு மிச்சம் என்று கணக்கும் முடிந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்தார். நேரே இருட்டு மூலைக்குப் போய், அலமாரியிலிருந்து ஓர் எழுத்து அட்டையை எடுத்து, அங்கிருந்தபடியே தூக்கிக் காட்டினார்.

"டீச்சர், இந்த எழுத்தை நடத்துங்க."

மாவிளக்கு வெளிச்சம் கூட இல்லாத மூலை. அத்தை அந்தப் பக்கம் திரும்பினாள். ஒரு கணம்தான். எனக்கு அதன் நீளம் அப்போது தெரியவில்லை.

"ஐயா கையில இருக்குற எழுத்தை யாரும் சொல்லக் கூடாது" என்றாள் பிள்ளைகளிடம். "அந்த எழுத்துல பேரு ஆரம்பிக்கிறவங்க மட்டும், பேரைச் சத்தமாச் சொல்லிக்கிட்டு எந்திரிங்க."

"மல்லிகா!"

"மணி!"

"மரியம்!"

"கோபாலு!"

"கோபாலு, உனக்கு எந்திரிக்கணும், அவ்வளவுதான? உக்காரு" என்றாள் அத்தை. "மத்த மூணு பேரும் ஐயாகிட்ட போய், அந்த 'ம' மேல விரலை வச்சு எழுதிக் காட்டுங்க."

மூன்று பிள்ளைகளும் மூலைக்கு ஓடின. இன்ஸ்பெக்டர் குனிந்து அட்டையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் எழுதி முடித்த பிறகும் அவர் நிமிரவில்லை. கீழ்த் தட்டின் ஓரத்தில் என் பிளேடுக்குத் தப்பிய அந்த ஒற்றை முடிச்சு அவர் விரலில் மாட்டியிருந்தது. அதை உருட்டிப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு தன் தடித்த கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் வெகுநேரம் துடைத்தார்.

"இந்த நம்பரெல்லாம் யாரு போட்டது?"

"எங்க அண்ணன் பையன்தாங்க."

"அழிச்சிடச் சொல்லுங்க" என்றார். அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கடிதத்தில் சொன்னதற்கு முகாந்திரம் இல்லை என்று அவர் எழுதிவைத்திருந்ததைத் தலைமையாசிரியர் சாயங்காலம் அத்தையிடம் வாசித்துக் காட்டினாராம். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அழிக்கவா? பொன்மலையில் இப்படிச் சொல்லியிருந்தால் இந்த ஆளை இஞ்சினோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள் என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

நாலரை மணிக்கு மாமா, டிபன் கேரியர் கையோடு, ஸ்டேஷனிலிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் வந்த சேதி எப்படியோ எட்டி, பணிமனை மணிக்கு முன்னாலேயே கிளம்பி வந்திருக்கிறார்; அதுவரை அவர் அப்படிச் செய்ததில்லை. சுண்ணாம்பும் பிளேடும் காணாமல்போனதற்குத்தான் வந்திருக்கிறார் என்று மேஜையடியில் ஒளிய இடம் பார்த்தேன். ஆனால் யாரும் என்னை அடிக்கவில்லை. அத்தை நடந்ததைச் சொன்னாள். மாமா சிரித்தார், நடுவில் சிரிப்பை விட்டுவிட்டு அவள் கையை ஒருதரம் பிடித்தார். பிறகு துணியை நனைத்து என் நம்பர்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார். அத்தை அலமாரிக்கு முன்னால் சம்மணமிட்டு, டப்பாக்களைக் குலுக்கிக் குலுக்கி அதனதன் பழைய இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க இருந்த நூல் எங்கடா மாப்ளே?"

"தெரியலையே மாமா" என்றேன். சாட்டை என் கால்சட்டைப் பைக்குள் பத்திரமாகச் சுருண்டிருந்தது. நுனி கூட வெளியே தெரியவில்லை. சரிபார்த்துக்கொண்டேன்.

இருபத்துமூன்றாம் நம்பர் அழிந்தபோது எனக்குத் தாங்கவில்லை. இவர்கள் இரண்டு பேரும் இவ்வளவு மக்காக இருக்கிறார்களே என்று பரிதாபமாகவும் இருந்தது.

"இத்தனை பெரிசா எழுதியிருந்தேனே அத்தை! அதைப் பாத்து எடுத்திருந்தா ஒரு தொந்தரவும் வந்திருக்காதே?"

மாமாவின் ஈரத்துணி பலகையிலேயே நின்றது. அத்தை திரும்பவில்லை. அவளுடைய இடது கை மட்டும் பின்னால் வந்தது. என் கால்சட்டைப் பைக்கு நேர் கீழே வந்து, உள்ளங்கை விரிந்து நின்றது.

"சாட்டையக் குடு."