எட்டாம் தாளில் ஒரு விரற்கடை

நகரமைப்பு அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை; கலர் அக்காதான். குடியிருப்புக்கு மஞ்சள், கடைகளுக்குச் சிவப்பு, நீர்நிலைக்கு நீலம் என்று இருபத்தெட்டு வருடங்களாக நகர வரைபடத்துக்கு வண்ணம் தீட்டியே கண் பூத்துப்போனவள். சும்மா சொல்லக் கூடாது, கோட்டைத் தாண்டி ஒரு தீற்றல் போகாது.

போன செவ்வாய்க்கிழமை, பழைய வரைபடத் தாள்களைக் கணினியில் ஏற்றுவதற்காக ஏழாம் தாளையும் எட்டாம் தாளையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தாள். ஏழாம் தாளின் ஓரம்வரை ஏரி நீலமாக வந்து நின்றது. அதே ஏரி எட்டாம் தாளில் ஒரு விரற்கடை நீண்டிருக்க வேண்டும். அங்கே மஞ்சள் இருந்தது. வெயில் காலத்தில் காய்ந்து கிடக்கும் கரையோரம், அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. தாள் மாறும்போது இவள்தான் நீலத்தை மறந்திருக்கிறாள், பாவி. தாளில் ஒரு விரற்கடை என்றால் தரையில் இரண்டு தெரு. இரண்டாவது தெருவில் மகள் வீடு.

"மேப்புல மஞ்சள்தானேம்மா, வாங்கலாமா?" என்று வீடு வாங்குமுன் மகள் கேட்டிருந்தாள்.

"என் கையால போட்ட மஞ்சள்டி, கண்ணை மூடிட்டு வாங்கு" என்று இவளும் பீற்றிக்கொண்டிருந்தாள்.

வெளியே விடாத மழை. நீலமாக மாற்றினால் அந்த இரண்டு தெருவும் ஏரிக்குள் கட்டிய வீடுகள் என்றாகும், இடிக்கவும் வருவார்கள். மாற்றாவிட்டால்? அதே விரற்கடையில் மிச்சமுள்ள காலி நிலத்தில் இன்னும் நாற்பது வீடு கட்ட மனு வந்து கிடக்கிறது. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே. பயத்தில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை நீலம் தீட்டினாள். தவறு தன்னுடையது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மேலதிகாரியிடம் நீட்டினாள்.

மதியம் மகள் போன் செய்தாள்.

"இப்பதான் உங்க ஆபீஸ் ஆள் வந்து சொன்னான், எங்க தெருவை யாரோ நீலமாக்கிட்டாங்களாம்மா. வீடு போச்சு. நீ அங்கதானே இருக்கே, எந்தப் படுபாவின்னு விசாரி."

"நான்தான்டி," என்றாள். "அன்னிக்கு மஞ்சள் போட்டதும் நான்தான்."

மகள் வாய் திறக்குமுன் இவளே கேட்டாள்.

"தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?"

மகள் வாசலுக்குப் போய்ப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டாவது படி."

அந்த வீட்டுக்கு மூன்றே படி.

"குழந்தையைத் தூக்கிட்டு இப்பவே கிளம்பு. என்னைத் திட்டறதை இங்க வந்து திட்டிக்கோ."