ஹெப்பகோடியில் காது அடைத்துப்போன வைஃபை கார்டு

கோயம்புத்தூரில் எங்கள் அலுவலக மேசையில் ஒரு முறைகூட அறுந்துபோகாத வைஃபை இணைப்பு, பெங்களூரு ஹெப்பகோடியில் ஒரு வீட்டில் மட்டும் அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. போன ஜூன் மாதம் மூன்று நாள் அங்கே போய்வந்ததற்குக் காரணம் அதுதான்.

நான் வேலை செய்யும் சிறு நிறுவனம், நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கும் பெட்டி ஒன்றைச் செய்கிறது. விரலில் மாட்டும் கிளிப் வழியாக ரத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் அளவைப் பார்த்து, வீட்டாரின் போனுக்கு அனுப்பும். அதிலுள்ள வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள், அதாவது டிரைவர், என் பொறுப்பு. இப்படி நெரிசலான இடங்களுக்குப் பிழை தேடிப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புகார் சொன்னவர் கௌதமி. பொம்மசந்திராவில் மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. அப்பா மாணிக்கம் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இருந்தவர். கல் தூசியில் நுரையீரல் போய், இப்போது வீட்டில் ஆக்ஸிஜன் இயந்திரத்தோடு இருக்கிறார்.

“தொடர்பு இல்லைன்னு போன்ல வருதுக்கா. ஓடி வந்து பார்த்தா அப்பா டீ குடிச்சினு உக்காந்துனு இருக்காரு. எத்தினி வாட்டி பாதி நாள் லீவு கேக்கறது? சூப்பர்வைசர் வார்னிங் குடுத்துட்டாரு. இனிமே அது இன்னா சொன்னாலும் நான் நம்பறதா இல்ல.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கிளப்பியது.

காந்திபுரத்தில் காலை 6 மணிக்குப் பேருந்து. சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகச் சுமார் 350 கிலோமீட்டர். ஹெப்பகோடி ஓசூர் சாலையிலேயே இருப்பதால் நகருக்குள் போகத் தேவையில்லை. நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து மெட்ரோ தூண்களுக்கு அடியில் இறங்கிக்கொண்டேன். மணி இரண்டு. அங்கிருந்து வீட்டுக்கு ஆட்டோ 60 ரூபாய். பக்கத்து லாட்ஜில் ஒரு நாளைக்கு 900. குளிக்க வெந்நீர் காலையில் மட்டும்.

வீடு, வரிசையாகக் கட்டிய வாடகை அறைகளில் கடைசி. ஒரே அறை, ஒரு கட்டில், சுவரில் புத்தர் படம். மாணிக்கம் ஐயா மூக்குக் குழாயோடு எழுந்து உட்கார்ந்து, “அவ்ளோ தூரத்துலேந்து இதுக்காகவா வந்தே? கெட்டுப்போனா இன்னொண்ணு அனுப்பறதுதானே?” என்றார். இன்னொன்றும் இங்கே இப்படித்தான் கெடும் என்றேன். சிரிக்கப் பார்த்தார், இருமலாக வந்தது.

மடிக்கணினியைத் திறந்ததும் முதலில் தெரிந்தது கூட்டம். அந்த அறையிலிருந்து 47 ரூட்டர்கள் தென்பட்டன. ஆனால் நெரிசலில் இணைப்பு மெதுவாகலாம், ஒரேயடியாகச் சாகாது. எங்கள் கார்டோ இருபது நிமிடம் செத்துக் கிடந்துவிட்டு, தானாக உயிர் பெறுகிறது. அதுவும் பெரும்பாலும் பிற்பகலில், காலை ஷிப்ட் முடியும் நேரத்தில்.

மறுநாள் காலை காரணம் பிடிபட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்கரி. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்குப் பப்ஸ் சூடாக்கித் தர ஒரு பழைய மைக்ரோவேவ் ஓவன். அதன் கதவு சரியாக மூடவில்லை. வைஃபை பேசும் அதே அலைவரிசையில் அதன் கசிவு இறைந்துகொண்டிருந்தது. கடைக்காரரிடம் சொன்னபோது, “ஹௌதா, அப்படியா மேடம்? நம்ம ஓவனா? வேற வாங்கணும்னா அடுத்த மாசம் ஆகுமே” என்று சங்கடப்பட்டார்.

ஓவனை மாற்றினால் இந்த ஒரு வீட்டுக்குத் தீர்வு. எங்கள் பெட்டி எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. எந்தச் சுவருக்குப் பின்னால் என்ன ஓடுகிறதென்று யாருக்குத் தெரியும்? சத்தத்தில் கார்டு ஏன் திரும்ப எழுந்திருப்பதில்லை என்பதுதான் என் கேள்வி.

மதியம் சாப்பிட்டுவிட்டு மாணிக்கம் ஐயா படுத்தார். நான் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து டிரைவரின் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றரை மணிக்குப் பேக்கரியில் கூட்டம் சேர்ந்தது. கார்டு இருபது நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றிலும் எவ்வளவு இரைச்சல் இருக்கிறதென்று அளந்து, அதற்கு மேல் கேட்பதை மட்டும் பேச்சாக எடுத்துக்கொள்ளும். வழக்கமாக மைனஸ் 95 வரும் அந்த அளவு, ஓவன் ஓடும்போது எடுத்ததால் மைனஸ் 62 என்று, அதாவது பல மடங்கு கூடுதலாக, பதிவானது. ஓவன் நின்ற பிறகும் கார்டு அதையே நம்பிக்கொண்டிருந்தது. ரூட்டர் கூப்பிடுவதெல்லாம் அதற்கு இரைச்சலாகவே பட்டது.

பிழை கிடைத்துவிட்டது. மகிழ்ச்சியில் பெட்டியை நிமிர்ந்து பார்த்தேன். திரையில் ஆக்ஸிஜன் 84. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 81, 79.

மாணிக்கம் ஐயா ஒருக்களித்துக் கிடந்தார். உதடு கறுத்திருந்தது. குழாய் அவர் முழங்கைக்கு அடியில் மடிந்து நசுங்கியிருந்தது. உருவி எடுத்து, அவரைத் தூக்கி உட்கார வைத்து, முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். மெல்ல எண் ஏறத் தொடங்கியது. கௌதமியின் போனுக்கு அந்த நேரம் போயிருக்கக்கூடியது “தொடர்பு இல்லை” என்ற செய்தி மட்டும்தான்.

மூச்சு சீரானதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “அவகிட்ட சொல்லாதம்மா. பயந்துனு வேலைய உட்டுடுவா.”

நான் அவர் முதுகுக்குத் தலையணையை வைத்தேன்.

ஆறு மணிக்குக் கௌதமி வந்தாள். பையைக் கீழே வைக்கும் வரை பொறுத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாணிக்கம் ஐயா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“மெசேஜ் வந்துச்சுக்கா. பார்த்தேன். சைலண்ட்ல போட்டுட்டு மிஷின்ல நின்னேன்.”

“உம்மேல இன்னா தப்பு?” என்றார் அவர், திரும்பாமலே. அவள் குழாயை அவர் சட்டையோடு சேர்த்து ஊக்கு குத்திவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

மூன்றாம் நாள் காலை லாட்ஜில் உட்கார்ந்து டிரைவரைத் திருத்தினேன். இரைச்சல் அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் நம்பக்கூடாது. பழைய அளவையே வைத்துக்கொண்டு சில நொடி கழித்து மறுபடி அளக்க வேண்டும். ரூட்டரின் குரல் கேட்காமல் போனாலும் உடனே புதிதாக அளக்க வேண்டும். முப்பது வரிகூட இல்லை. பேக்கரிக்காரர் பப்ஸுக்குப் பதில் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்துத் திரும்பத் திரும்ப ஓவனை ஓட்டித் தந்தார். இணைப்பு தடுமாறியது, ஆனால் சில நொடிகளில் மீண்டது. ஷிப்ட் நேரக் கூட்டத்திலும் அப்படியே. கௌதமி தொழிற்சாலையிலிருந்து எண்களை அனுப்பிக்கொண்டிருந்தாள்: 92, 91, 92.

இந்த மாதிரி வேலைக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அலுவலகத்தில் பிழை வரவில்லையென்றால் பிழை இல்லை என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள், கிளம்புங்கள். காற்றில் போகும் வைஃபை அலைகளைத் தனியாகப் பதிவு செய்ய இன்னொரு வைஃபை அடாப்டர் எடுத்துப் போங்கள். குறைந்தது ஒரு முழு வேலைநாளாவது அங்கே இருங்கள். காலையில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. பெட்டி ஒரு வீட்டில் இருக்கிறது என்றால், அந்த வீட்டில் ஒரு ஆளும் இருக்கிறார். பதிவுகளைப் பார்க்கிற அளவுக்கு அவரையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

செப்டம்பரில் கௌதமி போன் செய்தாள். ஒரு நாள் பகல் பெட்டியிலிருந்து 80 என்று எச்சரிக்கை வந்ததாம். மிஷினை நிறுத்திவிட்டு ஓடியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் மாணிக்கம் ஐயா ஆறு நாள் இருந்தார், கடைசி இரண்டு நாள் பேச்சில்லை, அப்படியே போய்விட்டார்.

“பொய்யா இருக்கும்னு ஒரு நிமிஷம்கூடத் தோணலக்கா. நான் வூட்டுக்குப் போறப்ப முழிச்சினு இருந்தாரு. கையப் புடிச்சினாரு.”

 பிறகு பெட்டியைப் பற்றிச் சொன்னாள்: “ரெண்டு ரூம் தள்ளி ஒரு அம்மாவுக்கு மூச்சுத் திணறல். பாக்ஸ அவங்களுக்கு மாட்டிட்டேன். திருப்பி அனுப்பச் சொல்லாதீங்கக்கா.”