அப்பா கீறிய நானூறு மீற்றர்

என் அப்பாவின் பெயர் செபமாலைமுத்து. லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் அவர் கெயார்டேக்கர். ஆசிரியர்கள் ‘செப்’ என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள். வரவேற்பு மேசையில் இருக்கும் ஜோன் என்ற பெண் மட்டும் முழுப் பெயரையும் சொல்வார். அப்பா வேலைக்குச் சேர்ந்த வாரமே அதை ஒரு துண்டில் எழுதி வாங்கி, சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டவர்.

ஹீற்றர் வேலை செய்யாவிட்டாலும் கழிவறை அடைத்துக்கொண்டாலும் அப்பாவைத்தான் தேடுவார்கள். அந்த வேலைகளைப் பற்றி அவர் வீட்டில் பேசுவதில்லை. ஈஸ்டர் முடிந்து விளையாட்டுக் காலம் தொடங்கும்போது, மைதானத்தில் ஓடுபாதை கீறுவதைப் பற்றி மட்டும் பேசுவார். இளவயதில் மன்னாரில் நில அளவைத் திணைக்களத்தில் சங்கிலி பிடித்தவர். புல்லில் ஆணி அடித்து, இரும்பு நாடாவின் ஒரு முனையை அதில் மாட்டி, தனி ஆளாக நானூறு மீற்றரையும் அளப்பார். மூன்று தரம் அளந்து, மூன்றும் ஒத்துவந்த பிறகுதான் வெள்ளைப் பெயின்ற் வண்டியைத் தள்ளுவார்.

அவர் சேர்ந்த முதல் வருடம், 2017இல், புல் வெட்டும் மெஷினின் அலகு எதிலோ பட்டு முறிந்தது. தோண்டிப் பார்த்தால் இரும்பு முளை. தேடியபோது இன்னும் மூன்று கிடைத்தன. வளைவுகள் தொடங்கி முடிகிற நான்கு மூலைகள் அவை. அப்பாவுக்கு முன் வெளியிலிருந்து வந்தவர்கள் வருடாவருடம் அந்த முளைகளை வைத்துத்தான் பாதை கீறியிருக்கிறார்கள். அப்பா அளந்து பார்த்தார். ஒரு சுற்று முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து மீற்றரும் இருபது சென்ரிமீற்றரும் வந்தது. எண்ணூறு மீற்றர் ஓடியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய பத்து மீற்றர் குறைவாகத்தான் ஓடியிருக்கிறார்கள்.

அவர் முளைகளை மண் போட்டு மூடிவிட்டுச் சரியான அளவில் புதிய பாதை கீறினார். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று அம்மா கேட்டா.

“அந்தப் பலகையில இருக்கிறதெல்லாம் ஓடின பிள்ளையளின்ர பேர், டொலறஸ். அதுகள் என்ன பிழை செய்ததுகள்?”

அந்தப் பலகை உடற்பயிற்சி மண்டபத்தில் இருந்தது. பள்ளிக்கூடச் சாதனைகள் தங்க எழுத்தில் இருக்கும். ஆண்கள் எண்ணூறு மீற்றருக்கு நேரே ஹார்கிரேவ், 1986. அவர் அங்கேயே படித்து, அங்கேயே விளையாட்டுத்துறைத் தலைவராக வந்தவர்.

இரண்டு வருடங்களுக்கு முன், எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, மே மாத விளையாட்டுப் போட்டியில் நான் எண்ணூறு மீற்றர் ஓடினேன். ஹார்கிரேவ்தான் நேரம் பிடித்தார். இரண்டு நிமிடம் பத்தொன்பது தசம் எட்டு செக்கன். பெண்கள் சாதனை இரண்டு நிமிடம் இருபத்தொன்று தசம் நான்கு. அவர் கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்தார். பிறகு பெற்றோர், பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்கும்படியாக, “கோடு கீறியது உன் அப்பாதானே?” என்று கேட்டுச் சிரித்தார். பாதையின் நீளத்தை நம்ப முடியாது, இந்த நேரம் பலகைக்குப் போகாது என்று உதவி ஆசிரியரிடம் சொன்னார்.

அப்பா வேலியோரம் பெயின்ற் வண்டியுடன் நின்றார். எல்லாம் அவர் காதில் விழுந்தது.

மகளுக்காகத் தகப்பன் பாதையைக் குறைத்துக் கீறிவிட்டான் என்ற கதை அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் மண்டபத்துக்கும் வந்துவிட்டது. பூசை முடிந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றபோது, எங்கள் கோயிலுக்கு வரும் என் வயதுப் பையன் நிஷாந்த் என்னிடம் வந்தான்.

“ஜெஸ்ரின், அப்பாட்டச் சொல்லி எங்கட வீட்டையும் ட்ராம் ஸ்டொப்புக்குக் கிட்டவாக் கீறிவிடன். அம்மாவுக்கு நடக்கேலாதாம்.”

நான் என் தேத்தண்ணீரை அவனுடைய புதுச் சப்பாத்தில் ஊற்றினேன். அம்மா எனக்கு ஏசினா. அப்பா ஏசவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். “நீ அங்க படிச்சு முடி. பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதிறவை அவைதான். அதுமட்டும் நான் ஒண்டும் பேசன்.”

“அதுக்குப் பிறகு?”

“பிறகு பாப்பம்.”

இரண்டு வருடமும் அவர் ஹார்கிரேவுக்குக் காலை வணக்கம் சொன்னார். அவருடைய அறைக்கதவின் பிணைச்சலைத் திருத்திக் கொடுத்தார். மழையில் அழிந்த கோடுகளை இரு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பித்தார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஹார்கிரேவ் மூன்று தரம் என்னை மாவட்டப் போட்டிக்கு ஓடச் சொல்லிக் கேட்டார். மூன்று தரமும் கால்நோ என்று சொன்னேன். என் காலில் ஒரு நோவும் இருக்கவில்லை. காலையில் மிச்சம் கொமன் புல்வெளியைச் சுற்றித் தனியாக ஓடினேன். ஒவ்வொரு சுற்றிலும் அவர் முகம்தான் என் முன்னால் போகும். அதைப் பிடிப்பதற்காகவே ஓடினேன் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த வருடம் நான் பள்ளியை விட்டு வெளியேறும் வருடம்; பல்கலைக்கழகத்துக்கான கடிதங்களும் போய்விட்டன. ஹார்கிரேவ் ஓய்வு பெறும் வருடமும் அதுதான். மே மாதத்தில் எங்களுக்கு நடக்கும் பிரியாவிடை மாலையில் ஓடுபாதைக்கு அவருடைய பெயரைச் சூட்டப் பள்ளிக்கூடம் தீர்மானித்தது. பெயர்ப்பலகை நடக் குழி தோண்டும்படி அப்பாவுக்கு வேலைத்தாள் வந்தது. அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு அவர் சிரித்தார். அம்மாவுக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

“இஞ்சேருங்கோ, அந்த மனுசன் போகப்போகுது. விடுங்கோவன்.”

“போகட்டும். அளந்துபோட்டுப் போகட்டும்.”

அடுத்த நாள் அவர் தலைமை ஆசிரியையிடம் போனார். பெயர் வைக்கப்போகிற பாதையின் நீளத்தைப் பற்றி முன்பு ஒரு சந்தேகம் வந்தது, தகுதியான ஒருவரைக் கொண்டு அளந்துவிடுவது மரியாதை என்று சொன்னார். நல்ல யோசனை என்று அவர் சம்மதித்தார்.

போட்டிப் பாதைகளை அளக்கும் ஒரு பெண் வெள்ளிக்கிழமை வந்தார். எனக்கு வகுப்பு இல்லை. மைதானத்தின் ஓரத்து வாங்கில் இருந்து பார்த்தேன். ஹார்கிரேவும் தலைமை ஆசிரியையும் கூட நின்றார்கள். ஒரு மணித்தியாலம் எடுத்து அளந்து, நானூறு மீற்றரும் மூன்று சென்ரிமீற்றரும் என்று அந்தப் பெண் சொன்னார். புல்லில் இவ்வளவு சரியாக யாரும் கீறித் தான் பார்த்ததில்லை என்றும் சொன்னார். ஹார்கிரேவ் அப்பாவின் தோளில் தட்டினார்.

அந்தக் கை தோளில் இருக்கும்போதே, இன்னொன்றையும் அளந்து தர முடியுமா என்று அப்பா அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

காலையிலேயே நான்கு இடங்களில் புல்லைச் சதுரமாக வெட்டி எடுத்து வைத்திருந்தார். நான்கு துருப்பிடித்த முளைகளும் வெளியே தெரிந்தன. 2016 வரைக்கும் எல்லாப் போட்டிகளும் இவற்றை வைத்துக் கீறிய பாதையில்தான் நடந்தன என்று விளக்கினார். அதெல்லாம் பழைய குப்பை, நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று ஹார்கிரேவ் சொன்னார். அந்தப் பெண் அதற்குள் நாடாவை விரித்துவிட்டார்.

முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து, இருபது.

தலைமை ஆசிரியை எந்தச் சாதனைகள் என்று கேட்டார். அப்பா உடற்பயிற்சி மண்டபத்தின் பக்கம் கையைக் காட்டினார். ஹார்கிரேவின் கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது. எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். இன்னும் ஒரு தரம் அளந்தால் நல்லது என்று நினைத்தேன், அந்த எண்ணை அவர் இன்னொரு தரம் கேட்பதற்காக.

ஆனால் அன்று வீட்டுக்கு வந்த அப்பா சாப்பிடவில்லை. பெண்கள் எண்ணூறு மீற்றர்ச் சாதனை, இருபத்தொன்று நான்கு, ஜோனுடையது; அவரும் அங்கேயே படித்தவர். கலியாணத்துக்கு முந்திய குடும்பப் பெயரில் அது பலகையில் இருந்ததால் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. சாவிகளைக் கொடுக்கப் போனபோது, தன்னுடையதும் போகத்தான் வேண்டுமா என்று ஜோன் அப்பாவிடம் கேட்டாராம். ஓம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

“அவவுக்கு முதலே சொல்லியிருக்க வேணும்,” என்றார். அதையே அடிக்கடி சொன்னார்.

திங்கட்கிழமை ஹார்கிரேவ் அப்பாவின் கொட்டிலுக்கு வந்தார். முளைகள் மண்ணில் நகர்ந்திருக்கலாம் என்று அப்பா தலைமை ஆசிரியைக்கு ஒரு வரி எழுதினால் போதும். பழைய பெயர்கள் அப்படியே இருக்கும், ஜோனுக்கும் கவலையில்லை, என் பெயரையும் மேலே எழுதிவிடலாம் என்றார். அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார்.

“உன்ர பேர், பிள்ளை. நீ சொல்லு.”

“முளை நகர்ந்ததே?”

“ரெண்டடி கொங்கிறீற்றுக்குள்ள இருக்கு. எங்க நகரிறது?”

“அப்ப எனக்கு வேண்டாம். அந்தாளின்ர கையால எழுதிற பேர் வேண்டவே வேண்டாம்.”

அவர் தலையாட்டினார். சந்தோசமா கவலையா என்று எனக்குத் தெரியவில்லை.

பிரியாவிடை மாலையில் மண்டபம் நிறைந்திருந்தது. அப்பா அன்று லீவு போட்டு, பூசைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு அம்மாவுடன் பெற்றோர் வரிசையில் இருந்தார். எங்களுக்குச் சான்றிதழ்கள் தந்தார்கள். பெயர் சூட்டுவது தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்று தலைமை ஆசிரியை சொன்னார். பிறகு ஹார்கிரேவ் பேசினார். பழைய பாதையில் ஒரு சிறிய அளவுப் பிழை தெரிய வந்திருக்கிறது, தன்னுடையது உட்பட 2017க்கு முந்திய ஓட்டச் சாதனைகள் நீக்கப்படும் என்றார். யார் கண்டுபிடித்தது என்று சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் மைதானத்தில் என்ன சொன்னார் என்பதையும் சொல்லவில்லை. நன்றி சொல்லி முடிக்கப் போனார்.

அப்பா எழும்பினார். அம்மா கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தா. அவர் இருக்கவில்லை. ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

“சேர், இந்த வருடப் பாதை எத்தனை மீற்றர்?”

ஹார்கிரேவ் தலைமை ஆசிரியையைப் பார்த்தார். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானூறு.”

“என் மகள் ஓடியபோது?”

மண்டபத்தில் முந்நூறு பேர். இரண்டு வருடத்துக்கு முன் அந்தச் சிரிப்பைக் கேட்ட பெற்றோர் பலரும் அங்கே இருந்தார்கள். நான் மேடைக்குக் கீழே முன்வரிசையில் இருந்ததால் ஹார்கிரேவின் வாய் திறந்து மூடுவது தெரிந்தது.

“அதுவும் நானூறுதான்,” என்றார்.

அப்பா நன்றி சொல்லிவிட்டு இருந்தார். யாரும் கைதட்டவில்லை. நல்லது. கைதட்டினால் அது வேறு மாதிரி ஆகியிருக்கும். அன்று பதியாமல் விட்ட நேரம் அது; என் பெயர் எந்தப் பலகையிலும் ஏறாது என்று எனக்கு அப்போதே தெரியும். அப்பா கேட்டது பெயரை அல்ல.

வெளியே போகும்போது வாசலில் ஹார்கிரேவ் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அப்பா இரண்டு கையாலும் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு அவரைக் கடந்து போனார். அம்மாதான் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினா. நான் குலுக்கவில்லை. மேசையில் விருந்தினர் பட்டியலுடன் இருந்த ஜோனிடம் மட்டும் அப்பா நின்று ஏதோ சொன்னார். ஜோன் தலையாட்டினார், சிரிக்கவில்லை.

பஸ்ஸில் அம்மா என் சான்றிதழைத் தன் பைக்குள் வைத்துப் பூட்டினா. பிறகு, “சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ச் சுவாமியிட்டச் செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கோ. ஒரு மனுசனைச் சபையில வைச்சு இப்பிடியோ செய்யிறது?” என்றா.

“போறன்,” என்றார் அப்பா. “செய்ததைச் சொல்லுறன். செய்ததுக்கு மனம் வருந்தி மனஸ்தாபப்படுறியோ எண்டு சுவாமி கேட்டால்தான் கஷ்டம். அங்க போய்ப் பொய் சொல்லேலாது.”