ஆறாம் இலக்க வீடு

கனடாவில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில், எங்களுக்கு நேர் கீழே ஓர் ஐரிஷ் பெண்மணி தனியாக இருந்தார். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் அன்ரி. எனக்குப் பதினொரு வயதான குளிர்காலத்தில் ஒருநாள், நீலக் கொப்பி ஒன்றோடு படியேறி வந்தார். எங்கள் வீட்டுக்குக் கணினி வந்திருந்ததும், தம்பியின் சப்பாத்துகள் முதல் குளிர்பெட்டியில் இருக்கும் மீன் வரை நான் அட்டவணை போட்டு வைத்திருந்ததும் அவருக்குத் தெரியும்.

கொப்பியில் இருந்தது அயர்லாந்தில் அவர் பிறந்த சிறு குறிச்சி. மொத்தம் பதினொரு வீடுகள். அங்கே இருக்கும் அவருடைய தம்பி மகன், குறிச்சியின் பழைய குடும்பங்களைப் பற்றிச் சின்னப் புத்தகம் ஒன்று போடுகிறாராம். எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று நினைவுள்ள கடைசி ஆள் அன்ரிதான். ஒரு காலத்தில் அந்த நிலம் முழுவதும் யாரும் கண்ணால் கண்டிராத ஒரு பிரபுவுக்குச் சொந்தமாக இருந்து, பிறகு குடியிருந்தவர்கள் கைக்கு வந்திருக்கிறது. வீட்டு இலக்கம், குடும்பத் தலைவர், வயல்களின் பெயர், வயது வரிசையில் பிள்ளைகள் என்று எல்லாம் எழுதியிருந்தார். அடுத்த உரிமையாளர் என்ற கடைசிப் பத்தி மட்டும் வெறுமையாக இருந்தது.

"அதை நீயே நிரப்பு. எல்லா வீட்டிலும் ஒரே வழக்கம்தானே" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வழக்கம் என்னவென்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சரிபார்க்காமல் எதையும் எழுதும் பழக்கம் எனக்கில்லை.

"அம்மா, தாய் தேப்பனுக்குப் பிறகு வீடு ஆருக்குப் போகும்?"

"இதென்ன கேள்வி? பொம்பிளைப் பிள்ளைக்குத்தான்."

"அப்ப பெடியனுக்கு?"

"அவனுக்கென்ன குறை? கட்டுறவளின்ரை வீட்டில போய் இருப்பான்."

தம்பி சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "நான் ஒரு இடமும் போகமாட்டன்" என்று அழத் தொடங்கினான். அவனை அப்படியே விட்டுவிட்டு, பதினொரு வீடுகளையும் ஒவ்வொன்றாக மூத்த மகள்களுக்கு எழுதிவைத்தேன்.

மறுநாள் அன்ரி கணினிக்கு முன்னால் உட்கார்ந்து விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். இரண்டாம் வீட்டுக்கு வந்ததும் சிரிக்கத் தொடங்கினார். நான்காம் வீட்டில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அந்த வீட்டுக்காரர் தன் பசுவைக்கூட ஒரு மகளிடம் கொடுத்திருக்கமாட்டாராம். ஆறாவது, அவர் பிறந்த வீடு. அங்கே பிள்ளைகள் இருவர், அவரும் அவருடைய தம்பியும். கடைசிப் பத்தியில் அன்ரியின் பெயர். விரல் அங்கேயே நின்றது.

அந்த வீடு தன் தம்பிக்குத்தான் போனது என்று அன்ரி சொன்னதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா கரண்டியோடு வந்து நின்றார்.

"மூத்த பொம்பிளைப் பிள்ளைக்கு ஒண்டும் குடுக்காமலே கனடாவுக்கு அனுப்பினவை? கேள் பாப்பம்."

கேட்டேன். "ஒரு சூட்கேஸ் கொடுத்தார்கள். நல்ல சூட்கேஸ்" என்றார் அன்ரி. பிறகு, அம்மாவுக்கு வீடு கிடைத்ததா என்று விசாரித்தார்.

"ஓம், ஏன் இல்லை? உறுதிப் பத்திரம் என்ரை பேரிலதான் இருக்கு. ஊரில அந்த வீட்டுக்குள்ள ஆமி இருக்கிறான்."

இதை மொழிபெயர்த்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து அப்படிச் சிரித்தார்கள். நடுவில் நின்ற எனக்கு எதற்கென்று தெரியவில்லை.

அதன்பின் அன்ரி, மூத்த மகன்தான் உரிமையாளர் என்று சொல்லி, ஒவ்வொரு வீடாகத் திருத்தச் சொன்னார். ஆறாவது வீட்டுக்கு வந்தபோது என் கையின் மேல் தன் கையை வைத்தார்.

"அது இருக்கட்டும்."

"பிழையாயிருக்குதே, அன்ரி."

"தெரியும். இருக்கட்டும்."

அச்சுப்பொறியில் மை தீர்ந்துவிட்டிருந்தது. அப்பா வாங்கி வந்ததும் அச்சிட்டுத் தபாலில் போடச் சொல்லி, முத்திரை ஒட்டிய உறையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினார். இறங்கும்போது என்றுமில்லாமல் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனார்.

அன்றிரவு எனக்கு நிம்மதியில்லை. பத்து வரிகள் சரி, ஒரு வரி பிழை. என் கையால் வெளியே போகும் முதல் அட்டவணை அது. அயர்லாந்து வரைக்கும் போகிறது. மறுநாள் அச்சிடுவதற்கு முன், ஆறாம் வரியில் அன்ரியின் பெயரை அழித்து அவருடைய தம்பியின் பெயரைப் போட்டேன். உறையை ஒட்டி, பஸ் தரிப்பிடத்துக்கு அருகிலிருந்த தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

பனி கரைந்த பிறகு புத்தகம் வந்தது. அன்ரி அதைத் திறக்காமலே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா தேநீர் ஊற்றிக் கொடுத்தார். முன்பக்கங்களில் இருந்த படங்களையெல்லாம் தள்ளிவிட்டு, அன்ரி நேரே அட்டவணைக்குப் போனார். விரல் ஆறாம் வரிக்கு இறங்கியது. தேநீர் ஆறும்வரை அங்கேயே இருந்தது.

"சரியாகத் திருத்திவிட்டார்கள்" என்றார் கடைசியில். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

திருத்தியது நான்தானே, அந்தப் பாராட்டு யாரோ தெரியாதவர்களுக்குப் போகிறதே என்று அன்றைக்கு முழுவதும் எனக்குப் பெரிய மனக்குறையாக இருந்தது.